காடு என்றால் எந்தக் காடு? நீலகிரியைக் குழப்பும் இரண்டெழுத்துச் சொல்

நீலகிரிச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களை ஒரு குழப்பம் விடுவதே இல்லை. கூடலூர்ப் பக்கம் காட்டை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. உடன் வரும் படத்தில் தேயிலையும் மிளகுக் கொடியும் ஓட்டு வீடும் தெரிகின்றன. காட்டின் பரப்பு நன்றாக இருக்கிறது என்கிறது ஓர் அரசு அறிக்கை. காடு போய்க்கொண்டே இருக்கிறது என்கிறார்கள் அங்கேயே வாழ்பவர்கள். தன் பெயரில் உள்ள நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட ஒருவர் மனுக் கொடுத்தால், அது காட்டுக்குரிய மரம் என்று பதில் வருகிறது. யார் சொல்வது சரி?

பெரும்பாலும் எல்லாரும் சொல்வது சரிதான். எல்லாரும் சொல்வது 'காடு'. அது குறிக்கும் நிலம் மட்டும் ஆளுக்கு ஆள், அலுவலகத்துக்கு அலுவலகம், சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. இந்த மாற்றம் தெரியாமல் மலை மாவட்டத்தின் எந்த நிலப் பிரச்சினையையும் புரிந்துகொள்ள முடியாது. எனவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

## ஊர் வழக்கில் காடு

தமிழில் இந்தச் சொல்லுக்கு உயிரோடு இருக்கும் பொருள்கள் குறைந்தது ஐந்து.

1. மரமும் புதரும் அடர்ந்த, மனிதக் குடியிருப்பு இல்லாத இடம். முல்லைத் திணையின் நிலம் 'காடும் காடு சார்ந்த இடமும்'. இந்தப் பொருளில் காட்டுக்கு எதிர்ச்சொல் நாடு. 'காடு கொன்று நாடாக்கி' என்று கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்வது இதை வைத்துத்தான். வள்ளுவர் அரணுக்கு வேண்டியவற்றைச் சொல்லும்போது 'அணிநிழற் காடும்' என்கிறார் (குறள் 742). நிழலால் காட்டை அடையாளம் காட்டிய அந்த அடைமொழியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் செயற்கைக்கோளும் அதே நிழலைத்தான் அளக்கப்போகிறது.

2. உழுது விதைக்கிற மேட்டு நிலம். கொங்கு நாட்டில் இதுவே முதன்மைப் பொருள் என்றுகூடச் சொல்லலாம். சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு எல்லாம் பயிர் நிலங்கள். நீர் பாயும் நன்செய் வயல். மழையை நம்பிய புன்செய் காடு. 'காடு கரை' என்றால் ஒரு குடும்பத்தின் நிலச் சொத்து. 'அவர் காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று பொருள்.

3. பிணம் எரிக்கும், புதைக்கும் இடம்: சுடுகாடு, இடுகாடு. 'வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது' என்று முதியவர்கள் சொல்வதில் வரும் காடு இதுதான். எரித்த பின் எலும்பு சேர்க்கும் சடங்குக்குக் காடாற்று என்று பெயர்.

4. மிகுதி. வெள்ளக்காடு, பிணக்காடு.

5. 'காட்டு' என்று முன்னொட்டாக வரும்போது, வளர்க்காமல் தானாக வளர்வது, வாழ்வது. காடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் டகரம் இரட்டித்துக் காட்டுமாடு, காட்டுப்பன்றி என்றாகிறது. இந்த முன்னொட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நீலகிரியில் காட்டுநாயக்கர் என்பது ஒரு பழங்குடியின் பெயர். தேன் எடுப்பதிலும் காட்டை அறிவதிலும் பெயர் பெற்றவர்கள். அதே முன்னொட்டைக் கொண்டு 'காட்டான்', 'காட்டுமிராண்டி' என்று சமவெளி வசைச்சொற்களைச் செய்துவைத்திருக்கிறது. காட்டில் வாழ்வது இழிவு என்ற எண்ணத்தைச் சொல்லிலேயே ஏற்றிவைத்தால், காட்டில் வாழ்பவரின் உரிமையைப் பேசும்போதும் அந்த எண்ணம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டு வசைச்சொற்களையும் எழுத்திலிருந்தாவது நாம் விலக்க வேண்டும்.

ஐந்தில் முதலிரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. மனிதன் கை படாத நிலமும் காடு, மனிதன் அன்றாடம் கை வைத்துப் பாடுபடும் நிலமும் காடு. மலைக்குப் பிழைக்க வந்தவர்கள் இரண்டு பொருளையும் பேச்சில் வைத்திருக்கிறார்கள். கூடலூர்ப் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் 'காட்டுக்கா?' என்று கேட்கிறார். எதிரே நிற்பவர் 'ஆமாம்' என்கிறார். அவர் பையில் கவாத்துக் கத்தியும் சோற்றுத் தூக்கும் இருக்கின்றன. போவது தன் அரை ஏக்கர் தேயிலைக்கு. அதே 'ஆமாம்' ஒரு விசாரணையில் எழுத்தில் பதிவானால், காட்டுக்குள் நுழைந்ததை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். பேச்சில் தீங்கற்ற இரட்டைப் பொருள் காகிதத்தில் ஏறும்போது ஒருவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

ஊர்ப் பெயர்களும் இந்த இரட்டைத் தன்மையைச் சொல்கின்றன. குன்னூருக்கு அருகே உள்ள அரவங்காடு பெயரில்தான் காடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது வெடிமருந்துத் தொழிற்சாலை ஊர். பழனி மலையில் காப்பிக்குப் பெயர் பெற்ற பண்ணைக்காடு, பண்ணையையும் காட்டையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் சுவையானது கோத்தகிரிப் பக்கம். படகர்கள் அதைப் பொரங்காடு சீமை என்கிறார்கள். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் அதே பகுதி பெரங்கநாடு. ஒருவர் காடு என்றதை இன்னொருவர் நாடு என்று எழுதியிருக்கிறார்.

## சட்டம் எதைக் காடு என்கிறது?

காட்டைப் பற்றிய சட்டங்களில் காடு என்றால் என்ன என்று தெளிவாக எழுதியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் அந்த வரையறை இல்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோதும் அது எழுதப்படவில்லை. இயற்கையில் எது காடு என்ற கேள்விக்குள் போகாமல், அரசு எதைக் காடு என்று அறிவிக்கலாம், அறிவித்த பின் என்னென்ன செய்யக்கூடாது என்பதைத்தான் இச்சட்டங்கள் பேசின.

தமிழ்நாட்டில் அறிவிப்பு முறை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திலிருந்து வருகிறது. இன்று அதன் பெயர் தமிழ்நாடு வனச் சட்டம். ஒரு நிலம் காப்புக்காடு ஆவதற்கு இரண்டு படிகள் முக்கியமானவை. 4ஆம் பிரிவின்படி 'இதைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம்' என்று அரசு அறிவிக்கிறது. அதன் பிறகு அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்து முடித்து, 16ஆம் பிரிவின்படி 'இன்று முதல் இது காப்புக்காடு' என்று இறுதியாக அறிவிக்க வேண்டும். இரண்டு படிகளுக்கும் நடுவில் சில ஆண்டுகள்தான் ஆக வேண்டும். மலை மாவட்டங்களில் பல தசாப்தங்கள் நடுப்படியிலேயே நின்றுபோன நிலங்கள் உண்டு. அங்கே வாழ்பவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள்: காடு என்று இறுதியாகத் தீர்மானிக்கவும் இல்லை, காடு இல்லை என்று விட்டுவிடவும் இல்லை.

அரசுக்குச் சொந்தமில்லாத நிலமும் சட்டத்தின் கண்ணில் காடாகலாம். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், நிலம் காடோ இல்லையோ, மரம் வெட்டவே அனுமதி கேட்கச் சொல்கிறது. ஈட்டி மரத்துக்கென்று 1994இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே 'என் பட்டா நிலம், என் மரம்' என்ற சமவெளி வழக்கம் இங்கே செல்லாது. மலைச் சரிவில் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது என்பதால் இந்தக் கட்டுப்பாடு சரியானதே. ஆனால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தடை வந்தது என்று சொல்லாமல் 'இது காடு' என்று மட்டும் பதில் தருவது சரியல்ல.

## கூடலூர்: 80,000 ஏக்கரும் ஒன்பது நீதிபதிகளும்

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குக் கூடலூர், பந்தலூர் வட்டங்களைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே அரிது.

அங்கே நிலத்தின் பெரும்பகுதி, கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர்க் கோவிலகம் முதலான ஜென்மிகளின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின், உடைமையாக இருந்தது. தேயிலை, காப்பித் தோட்டக்காரர்கள் அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். இந்த முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. சுமார் 80,000 ஏக்கர் இதன் கீழ் வந்தது. நேரடியாகப் பயிரிட்டுவந்தவர்களுக்குப் பட்டா, காடு அரசுக்கு, தோட்டப் பயிருக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம் 17ஆம் பிரிவில். செய்திகளில் அடிக்கடி வரும் 'பிரிவு 17 நிலம்' இதுதான்.

தோட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் தள்ளியது: காட்டை ஜென்மியிடமிருந்து அரசுக்கு மாற்றுவது வேளாண் சீர்திருத்தம் ஆகாது. அரசமைப்பில் இச்சட்டத்துக்கு இருந்த பாதுகாப்பு வேளாண் சீர்திருத்தத்துக்கானது. காடு அதற்குள் வராது என்பது தீர்ப்பின் சாரம். காடு என்றால் உழவு நிலம் என்று பேசும் மக்கள் வாழும் ஊரின் வழக்கில், காடு உழவைச் சேர்ந்ததல்ல என்பது தீர்மானமாயிற்று. நீதிமன்றத்தின் முன் இருந்தது ஆங்கிலச் சட்டச் சொல். மக்கள் வாயில் இருந்தது தமிழ்ச் சொல். இரண்டும் ஒன்றையே குறிப்பதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1974இல் 34ஆவது அரசமைப்புத் திருத்தம் மூலம் அந்தச் சட்டம் முழுவதும், தள்ளப்பட்ட பகுதி உட்பட, ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணையில் சேர்ந்துவிட்டால் நீதிமன்றம் கை வைக்க முடியாது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. நீதிமன்றம் தள்ளிய ஒன்றை இப்படித் திரும்பக் கொண்டுவரலாமா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வுவரை சென்று, 11.1.2007 அன்று தீர்ப்பு வந்தது: 24.4.1973க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவையே. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று மனப்பாடம் செய்யும் அந்தத் தீர்ப்பின் வேர், கூடலூரில் எது காடு, அது யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்தும் பிரிவு 17 நிலத்தில் வாழும் சிறு விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நிலைமை தெளிவாகவில்லை. கேரளத்திலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள், அவர்களுக்கெல்லாம் முன்பே அங்கிருந்த பணியர், குறும்பர் எனப் பல வகை மக்கள் அங்கே இருக்கிறார்கள். பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கும் வீடு கட்டும் அனுமதிக்கும் நடையாய் நடக்கிறார்கள். ஒரு பெரிய தோட்ட நிறுவனம் பல ஆண்டுகள் வழக்கு நடத்தித் தாக்குப்பிடிக்கும். அரை ஏக்கர்காரரால் முடியாது. இருவரையும் 'காடு ஆக்கிரமிப்பாளர்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## 12.12.1996: அகராதியைத் திறந்த நாள்

அடுத்த திருப்பமும் கூடலூரிலிருந்தே வந்தது. கோவிலகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த காட்டில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு பொறுக்காமல் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 12.12.1996 அன்று நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதையும் கட்டியது. அதன் மையக் கருத்துகள்:

1. காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும்.
2. அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலமும் காடுதான், அது யாருக்குச் சொந்தமானாலும்.
3. இவ்விரண்டு வகை நிலத்திலும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காடல்லாத வேறு பயன்பாடு கூடாது.

இதன் ஆற்றலை எளிதாகச் சொல்லலாம். அதுவரை அரசு அறிவித்தால்தான் காடு. அதன் பிறகு, அறிவிக்க மறந்திருந்தாலும், பார்த்தால் காடாக இருப்பது காடு. மர ஆலைகள் பல மாநிலங்களில் மூடப்பட்டன. எத்தனையோ பள்ளத்தாக்குகள் இந்த உத்தரவினால்தான் இன்றும் பச்சையாக இருக்கின்றன. காட்டுக்காக ஒரு தனிமனிதர் போட்ட வழக்கு இவ்வளவு செய்ததை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மலைத் தோட்டங்களில் இதன் விளைவு பெரியது. தேயிலை, காப்பி, ஏலம் முதலிய தோட்டங்களில் நிழல் மரங்களை வெட்டுவதானால், நட்டு வளர்த்த மரங்களை மட்டுமே வெட்டலாம். தானாக முளைத்து வளர்ந்ததைத் தொடக்கூடாது. தோட்டங்கள் காட்டுக்குள் மேலும் விரியவும் கூடாது. தோட்டத்துக்குள் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சில்வர் ஓக் மரங்கள் சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கும், மிளகுக் கொடி ஏறியிருக்கும், நட்டவை. வரிசைக்கு வெளியே, ஓடையோரமாக, பாறை இடுக்கிலிருந்து கிளம்பி நிற்கும் ஈட்டியோ நாவலோ யாரும் நடாதது. ஊர் வழக்கின் ஐந்தாவது பொருள் நினைவிருக்கிறதா? வளர்க்காமல் வளர்வது 'காட்டு' மரம். உச்ச நீதிமன்றம் சென்று சேர்ந்த கோடும் கிட்டத்தட்ட அதுவேதான்.

ஆனால் அகராதிப் பொருள் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எந்த அளவு பரப்பு, எத்தனை மரம், எவ்வளவு அடர்த்தி என்று அகராதி சொல்வதில்லை. கவாத்துச் செய்யாமல் விட்ட தேயிலை சில ஆண்டுகளில் ஆளுயரம் தாண்டி மரமாகிவிடும். கைவிடப்பட்ட தோட்டத்தில் அதனூடே காட்டு மரங்களும் முளைத்துக் காட்டுமாடும் நடமாடினால் அது காடா, தோட்டமா? மாநிலங்கள் நிபுணர் குழு அமைத்துக் காடுகளை அடையாளம் காண வேண்டும் என்று உத்தரவு சொன்னது. மாநிலங்கள் அந்த வேலையை முழுமையாகச் செய்திருந்தால் இன்றைய குழப்பத்தில் பாதி இருந்திருக்காது.

## மரமில்லாத காடு, காடில்லாத மரங்கள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கை அமைத்துவைத்த ஏற்பாடு சோலையும் புல்வெளியும் ஆகும். மடிப்புகளில் குட்டையான பசுமைமாறா மரங்கள் அடர்ந்த சோலை. அதைச் சுற்றிச் சரிவெல்லாம் புல். மழை நீரை வாங்கி வைத்து ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் விடுவது இரண்டும் சேர்ந்துதான். குறிஞ்சி பூப்பதும் வரையாடு மேய்வதும் புல்வெளியில்தான்.

ஆங்கிலேய நிர்வாகத்தின் கண்ணுக்கு மரமில்லாத சரிவு வீண் நிலமாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கற்பூர மரம் என்று மலையில் சொல்லப்படும் யூகலிப்டஸும் சீகையும் பைனும் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அதே வேலை தொடர்ந்தது. காடு என்றால் மரம் என்ற ஒற்றைப் பொருளைப் பிடித்துக்கொண்டு, காடு வளர்க்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு ஒரு வாழிடத்தை அழித்தார்கள்.

கொடைக்கானலில் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காட்டில் குனிந்து தரையைப் பாருங்கள். துரு நிறத்தில் ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும். அதற்குள்ளிருந்து வேறு செடி கிளம்புவது அரிது. சோலைக்குள் ஒரே பாறையில் பாசி, பெரணி, சின்ன ஆர்க்கிட் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். பேச்சில் இரண்டும் காடு. பைன் காட்டைப் 'பைன் தோட்டம்' என்று சொல்லியிருந்தால், அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 'காட்டை அழிக்கிறார்கள்' என்ற பதற்றம் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

இதற்கு மறுபக்கம் முக்குருத்தி தேசியப் பூங்கா. 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பரப்பில் பெரும்பகுதி புல்வெளி. மரம் தேடினால் மடிப்புகளில்தான் கிடைக்கும். ஆனால் சட்டப்படி மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட காடு அது.

செயற்கைக்கோள் வேறொரு காட்டைப் பார்க்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் 'காட்டுப் போர்வை' என்பதன் வரையறை: ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில், மரங்களின் தலைவிரிப்பு தரையில் பத்தில் ஒரு பங்கையாவது மூடியிருந்தால் காடு. யார் நிலம், என்ன மரம், நட்டதா முளைத்ததா என்ற கேள்வியே இல்லை. இந்தக் கணக்கில் நிழல் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டம் காடாகிவிடும். முக்குருத்தியின் புல்வெளி காடாகாது. 'காடு பெருகியது' என்ற செய்திக்கும் 'காடு அழிகிறது' என்ற புலம்பலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இதுதான். அணிநிழல் மட்டும் காடாகிவிடாது.

ஆவணத்தில் மட்டும் காடாக இருக்கும் நிலமும் உண்டு. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர, வன நிலத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் உருவாயின. அவைதான் இன்றைய டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கண்ணுக்குத் தேயிலை, ஆவணத்தில் காடு. 2022இல் அதில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. ஆவணப்படி பார்த்தால் காடு காட்டுக்குத் திரும்புகிறது. லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்து முதுமை அடைந்தவருக்கோ, நாடு திரும்பியபோது அரசு கொடுத்த ஊர் கையை விட்டுப் போகிறது.

## 2023 திருத்தம் என்ன செய்தது?

2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 1.12.2023 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரே இந்திப் பெயராக மாறியது. அதைவிட முக்கியம், காடு என்பதற்கு முதன்முறையாக எல்லை வரையப்பட்டது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடும், 25.10.1980 அன்றோ அதற்குப் பிறகோ அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலமும் மட்டுமே இச்சட்டத்தின் கீழ் வரும். அகராதிப் பொருளுக்கு இதில் இடமில்லை.

அப்படியானால் அறிவிக்கப்படாத, பதிவாகாத, ஆனால் மண்ணில் காடாகவே நிற்கும் நிலம் என்ன ஆவது? இந்தக் கேள்வியோடு வழக்குகள் போயின. 19.2.2024 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை 1996ஆம் ஆண்டின் அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

நீலகிரிக்கு இது வெறும் டெல்லிச் செய்தி அல்ல. 4ஆம் பிரிவுக்கும் 16ஆம் பிரிவுக்கும் நடுவில் தொங்கும் நிலம், எந்தப் பதிவேட்டிலும் சரியாக ஏறாத ஓடையோரச் சோலைத் துண்டு ஆகியவற்றின் கதி இந்த ஒரு வரையறையில் தொங்குகிறது. எல்லை தெளிவாக வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பதிவேடுகளைச் சரிசெய்யும் முன்பே, பதிவேட்டில் இல்லாதது காடல்ல என்று சொல்வது தலைகீழ் வரிசை.

## வன உரிமைச் சட்டத்தின் காடு

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தை மிக விரிவாக எடுத்துக்கொள்கிறது: காப்புக்காடு, வகைப்படுத்தாத காடு, எல்லை குறிக்காத காடு, காடாகக் கருதப்படும் நிலம், சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாமே. இங்கே விரிவு மக்களுக்குச் சாதகம். 13.12.2005க்கு முன்பிருந்து வாழ்ந்து பயிரிட்டுவரும் பழங்குடியினர் நான்கு ஹெக்டேர்வரை உரிமை கோரலாம். கிராம சபையின் வழியே சமூக உரிமையும் கோரலாம். பிற பாரம்பரிய வனவாசிகள் 75 ஆண்டு வாழ்வைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் அனைவரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். ஆகவே ஒரே நிலம் 'காடு' என்று முடிவாவது ஒருவருக்குத் தடையாகவும் இன்னொருவருக்கு உரிமையின் வாசலாகவும் அமையலாம்.

## செய்தியைப் படிக்கும்போது

1. அறிவிக்கப்பட்ட காடா, ஆவணக் காடா, அகராதிக் காடா, செயற்கைக்கோள் காடா? செய்தியில் இது இல்லையென்றால் அந்தச் செய்தி பாதிதான்.

2. பிரிவு என்ன? கூடலூரில் 17 என்றால் ஜென்மம் சட்டம். வேறிடத்தில் 4 அல்லது 16 என்றால் வனச் சட்டம்.

3. பரப்பு கூடியது, குறைந்தது என்றால் எதன் பரப்பு? பதிவு செய்யப்பட்ட காடும் காட்டுப் போர்வையும் இரண்டு தனிக் கணக்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியாது.

4. மரம் வெட்டப்படுகிறது என்றால் எந்த மரம்? சோலை மரமா, சீகையா? முன்னது இழப்பு. பின்னது, முறையாகச் செய்தால், புல்வெளி மீள்வதற்கான முதல் படி.

தமிழில் இதையெல்லாம் சொல்லச் சொற்கள் இல்லாமல் இல்லை. காப்புக்காடு, தனியார் காடு, சோலை, புல்வெளி, முள்காடு, மேட்டுக்காடு, தோட்டம், தரிசு என்று கூட்டுச்சொற்களாகவும் தனிச்சொற்களாகவும் ஏற்கெனவே இருக்கின்றன. நாளிதழ்களும் அரசு அலுவலகங்களும் வெறும் 'காடு' என்று எழுதுவதை விட்டு இவற்றை எழுத வேண்டும். கூடுதலாக ஓரிரு சொல்தான் செலவாகும்.

உங்கள் நிலத்துக்கு 'இது காடு' என்று நோட்டீஸ் வந்தால், முதலில் அதில் சட்டத்தின் பெயரும் பிரிவும் சர்வே எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றை எழுத்தில் கேளுங்கள். அதே சர்வே எண்ணுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பட்டா, புறம்போக்கு, தரிசு, காப்புக்காடு என்று ஏதோ ஒன்று அங்கே இருக்கும். நோட்டீஸும் பதிவேடும் ஒத்துப்போகவில்லையென்றால், அந்த நிலத்தைக் காடாக அறிவித்த அறிவிக்கையின் எண், நாள், வரைபடம் மூன்றையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட வன அலுவலரிடமும் வருவாய்த் துறையிடமும் தனித்தனியாகக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.